விப்பும் விழவில்லை, படிப்பும் ஏறவில்லை

கேள்வி: மேடம், எனக்கு 24 வயது, ஊர் விருதுநகர். பி.காம். முடித்துவிட்டு பகலில் அப்பாவின் ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொள்கிறேன், சாயங்காலத்துக்கு மேல் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பதாகப் பெயர். உண்மையில் ராத்திரி 9 மணியிலிருந்து 2 மணி வரை ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டை விளையாடுகிறேன். அயர்ன்மேன் கணக்கு, அதாவது மற்ற ஆட்டக்காரர்களிடம் எதையும் வாங்காமல் எல்லாவற்றையும் நானே சம்பாதிக்கவேண்டும். மரம் வெட்டுவதில் லெவல் 92, ஸ்லேயரில் (சொல்லிவிடுகிற அரக்கர்களை 'டாஸ்க்'காக வேட்டையாடும் திறன்) 85. அபிஸல் டீமன் என்ற அரக்கனைக் கொன்றால் எப்போதாவது விழுகிற சாட்டைதான் அபிஸல் விப். அதற்காக 85 வந்த நாளிலிருந்து 1,140 அபிஸல் டீமன்களை அடித்துவிட்டேன், எல்லாமே டாஸ்க்கில், இன்னும் விழவில்லை. எங்கள் கிளானில் (விளையாட்டுக் குழுவில்) ஒருவனுக்கு அறுபதாவது கில்லிலேயே விழுந்துவிட்டது. கடுப்பாக இருக்கிறது, நிறுத்தவும் முடியவில்லை. மணிக்கணக்கில் மரம் வெட்டப் பொறுமை இருக்கிற எனக்குப் புத்தகத்தைத் திறந்தால் 20 நிமிடம் தாங்குவதில்லை. போன தேர்வுக்கு முன்னால் 20 நாள் விளையாட்டைத் தொடாமல்தான் இருந்தேன், தேர்வு முடிந்த அன்றே திரும்பிவிட்டேன். அம்மா "இது போதை" என்கிறார். நான் சோம்பேறியா, அடிமையா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை நான் கொஞ்சம் சிரித்துக்கொண்டேதான் படித்தேன், தப்பாக நினைக்காதீர்கள். காரணம், கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் நானும் இதே ரூன்ஸ்கேப்பில்தான் கிடந்தேன். அப்போது பிரவுசிங் சென்டர்தான், மணிக்கு 20 ரூபாய். விளையாட்டுக்குள் இருக்கிற போர்ட் சாரிம் துறைமுகத்தில் 30 காசு கொடுத்துப் படகேறி கராம்ஜா தீவுக்குப் போய் லாப்ஸ்டர் பிடிப்பேன், பை நிறைந்ததும் திரும்பி வருவேன், மறுபடி போவேன். மீன்பிடியில் 70ஆவது லெவல் வரவேண்டும் என்பது லட்சியம். ஏன் 70 என்று கேட்டால் இன்றுவரை பதில் இல்லை, முழு எண்ணாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு ஒரு வசதி இருந்தது. ஒரு மணி நேரம் முடிந்ததும் சென்டர் அண்ணன் "டைம் முடிஞ்சதும்மா" என்று குரல் கொடுப்பார், பையில் அடுத்த 20 ரூபாய் இருக்காது. உங்களுக்கு அந்த அண்ணன் இல்லை. 2018இல் இந்த விளையாட்டு மொபைலுக்கும் வந்துவிட்டது, படுக்கையிலேயே மரம் வெட்டலாம். தொடர்ந்து ஆறு மணி நேரம் உள்ளே இருந்தால் அதுவே வெளியே தள்ளும், அதுவும் உடனே திரும்பி நுழைய விட்டுவிடும்.

சோம்பேறியா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உச்சமான 99ஆவது லெவலுக்கு மொத்தம் 1,30,34,431 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, வேண்டும். நீங்கள் நிற்கிற 92க்கு 65,17,253. அதாவது 92 என்பது 99இல் பாதி, இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற பழைய வேதனை இது. மீதியை யூ மரமாகவே வெட்டினால், ஒரு கட்டைக்கு 175 எக்ஸ்பி வீதம், இன்னும் 37,000 கட்டைகளுக்கு மேல். ஒரு சோம்பேறி இந்தக் கணக்கைக் கேட்டதுமே போனைக் கீழே வைத்துவிடுவான். உங்களிடம் உழைப்பு தாராளமாக இருக்கிறது. அது எங்கே போய்க் கொட்டுகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

நீங்கள் முதல்முதலில் விளையாட்டு ஆரம்பிக்கிற ஊரான லம்பிரிட்ஜில் கோடரியை எடுத்த நாளை நினைத்துப் பாருங்கள். முதல் லெவலிலிருந்து இரண்டாவதுக்கு 83 எக்ஸ்பி, சாதாரண மரக்கட்டை ஒன்றுக்கு 25. நாலே நாலு கட்டை. ஒன்றிரண்டு நிமிடத்தில் தலைக்கு மேல் வாணவேடிக்கை, ஒரு குட்டி இசை, "வாழ்த்துகள்" என்று ஒரு பெட்டி. அடுத்ததற்குக் கொஞ்சம் கூட, அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம் கூட. ஏறக்குறைய ஒவ்வொரு ஏழு லெவலுக்கும் தேவையான மொத்த எக்ஸ்பி இரட்டிப்பாகிறது, நமக்கு அது தெரியாது, ஏனென்றால் எண் மட்டும் ஒவ்வொன்றாகத்தான் ஏறுகிறது. நாலு கட்டைக்கு ஆரம்பித்த ஆளை 37,000 கட்டை வெட்ட வைத்துவிடுகிறது, நடுவில் எந்த இடத்திலும் "இப்போது கஷ்டமாகிவிட்டது" என்று தோன்றவிடுவதில்லை. இலக்குகளைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த லாக், லேத்தம் என்ற இரண்டு உளவியலாளர்கள் சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான் வரும்: மனிதன் நன்றாக வேலை செய்ய வேண்டுமென்றால் இலக்கு தெளிவாகவும் கொஞ்சம் சிரமமாகவும் இருக்கவேண்டும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்ற தகவல் அவ்வப்போது கைக்கு வந்துகொண்டே இருக்கவேண்டும். விளையாட்டில் இதையெல்லாம் செய்து வைப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் மேசையில் இருக்கிற பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்துக்கு அப்படி ஒருவரும் இல்லை.

படிப்பில் நாம் செய்வது நேர் தலைகீழ். முதல் நாளே "6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை எல்லாச் சமச்சீர் புத்தகமும் முடிக்கவேண்டும்" என்று எழுதிச் சுவரில் ஒட்டுகிறோம். கோடரியைத் தொடும் முன்பே 99 கேட்கிற மாதிரி. முன்னேற்றம் தெரிகிற இடம் என்று பார்த்தால் தேர்வு முடிவு வரும் நாள் ஒன்றுதான், அது எத்தனை மாதம் கழித்து வரும் என்பது உங்களுக்கே தெரியும். இடையில் டெலிகிராமில் பிடிஎஃப் சேர்க்கிறோம். (உங்களிடம் எத்தனை இருக்கிறது, உண்மையைச் சொல்லுங்கள். அதுவும் விளையாட்டில் பேங்க் நிறையக் கட்டை அடுக்குகிற அதே சுகம்தான், அடுக்கினால் வருகிறது, படித்தால்தான் என்று இல்லை.)

இனி விப்புக்கு வருகிறேன், உங்கள் கடுப்பின் மையம் அங்கேதான் இருக்கிறது. மரம் வெட்டுவதும் விப்புக்கு அடிப்பதும் ஒரே ராத்திரியில், ஒரே போனில் நடப்பதால் ஒரே மாதிரி உழைப்பு என்று தோன்றும், ஆனால் முன்னதில் உழைப்பு சேருகிறது, பின்னதில் சேருவதில்லை. விப் விழ ஒவ்வொரு கில்லுக்கும் 512இல் 1 வாய்ப்பு. 512 அடித்தால் கட்டாயம் விழும் என்று அர்த்தமில்லை, நூறு பேர் ஆளுக்கு 512 அடித்தால் சுமார் 37 பேர் வெறுங்கையோடுதான் இருப்பார்கள். 1,140 அடித்தும் விழாதவர்கள் அந்த நூறில் சுமார் 11 பேர். ஒன்பது பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கிளானில் இரண்டு மூன்று பேர் இப்படி இருப்பார்கள், வாயைத் திறக்கமாட்டார்கள். அறுபதில் வாங்கியவன்தான் படம் எடுத்துப் போடுவான்.

"1,140 போட்டாகிவிட்டதே, இப்போது விட்டால் எல்லாம் வீணாகுமே" என்பதுதான் உங்களை 2 மணி வரை உட்கார வைக்கிறது. அந்த டீமனுக்கு உங்கள் எண்ணிக்கை தெரியாது தம்பி. 1,141ஆவதும் 512இல் 1தான். சில விளையாட்டுகள் எண்ணி வைக்கும், கென்ஷின் இம்பாக்ட்டில் குலுக்கலில் 90 முறை இழுத்தால் உச்ச ரகமான ஐந்து நட்சத்திரப் பரிசு ஒன்று கட்டாயம் கையில் வரும், அதனாலேயே 75இல் நிற்கிறவன் பர்ஸைத் திறக்கிறான், அது வேறு கதை. இங்கே அந்தக் கணக்கு எதுவும் இல்லை. எந்த அடியில் வரும் என்று தெரியாத பரிசு நம்மைப் பிடித்து வைக்கிற அளவுக்கு நிச்சயமான பரிசு பிடித்து வைக்காது என்பதை 1950களிலேயே ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துக் காட்டிவிட்டார். தானியம் எப்போது விழும் என்று தெரியாத புறாதான் அதிக நேரம் கொத்திக்கொண்டே இருந்தது. நாம் ஒன்றும் பெரிதாக வித்தியாசப்பட்டவர்கள் இல்லை.

ஆனால் அந்த 1,140இல் நீங்கள் பார்க்காத ஒன்று இருக்கிறது. எல்லாம் டாஸ்க்கில் அடித்தவை என்கிறீர்கள். ஒரு அபிஸல் டீமனுக்கு ஸ்லேயர் எக்ஸ்பி 150. ஆக 1,71,000. லெவல் 85இலிருந்து 86க்கு வேண்டியது 3,39,198. பாதித் தூரம் வந்துவிட்டீர்கள், கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை! ஒரே அடிக்கு இரண்டு கூலி கிடைத்துக்கொண்டிருந்தது, நிச்சயமாகக் கிடைத்த கூலியைக் கண்ணில் படாமல் வைத்துவிட்டு கிடைக்காததை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அயர்ன்மேன் என்பதால் சந்தையில் போய் வாங்கவும் வழியில்லை, அந்தக் கட்டுப்பாடும் நீங்களே விரும்பிப் போட்டுக்கொண்டது. சொல்லப்போனால் இந்தக் கதை முழுவதிலும் நீங்களாக உட்கார்ந்து யோசித்து வைத்த இலக்கு அந்த அயர்ன்மேன் ஒன்றுதான், மீதி எல்லாம் விளையாட்டு வைத்தது.

1973இல் அமெரிக்காவில் நர்சரிக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் போடுவதில் ஆசையுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் "படம் போட்டால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, சான்றிதழ் பேச்சே இல்லாதபோது, அந்தப் பிள்ளைகள் பேனாவைத் தொட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. இதை வைத்துப் படிப்புக்குப் பரிசே கொடுக்கக்கூடாது என்று பலர் உபதேசம் செய்வார்கள், அது சரியில்லை, ஏற்கெனவே பிடிக்காத வேலையைப் பரிசு வந்து என்ன கெடுத்துவிடப் போகிறது. எனக்கு இது உங்கள் விளையாட்டைப் பற்றித்தான் ஏதோ சொல்கிற மாதிரி இருக்கிறது. ஒரு காலத்தில் சும்மா பிடித்துத்தானே ஆடினீர்கள். விப் என்ற சான்றிதழ் குறுக்கே வந்தபிறகு, விழாத ஒவ்வொரு ராத்திரியும் நஷ்டக் கணக்காகிவிட்டது.

சரி, என்ன செய்யலாம். விளையாட்டை அழித்துவிடு என்று சொல்லமாட்டேன், 20 நாள் தொடாமல் இருந்து பார்த்ததன் முடிவு உங்களுக்கே தெரியும். விப் என்பதை இலக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். விழுந்தால் விழட்டும், அது செய்தி, இலக்கு கிடையாது. அதற்குப் பதிலாக ஸ்லேயர் 86 என்று வையுங்கள், பாதி ஏற்கெனவே வந்தாகிவிட்டது. ஒரு ராத்திரிக்கு ஒரு டாஸ்க் அல்லது ஒன்றரை மணி நேரம், எது முதலில் வருகிறதோ அதோடு சரி. டாஸ்க் நடுவில் நின்றால் மனசு அரிக்கும்தான், அரிக்கட்டும், மறுநாள் எங்கே ஆரம்பிப்பது என்று யோசிக்க வேண்டியதில்லாமல் போகும். அப்புறம் அந்த சென்டர் அண்ணனுக்கு ஒரு மாற்று வேண்டும். பத்தரைக்குப் போனைச் சார்ஜில் போடுகிற இடம் கூடத்தில் இருக்கட்டும், உங்கள் தலைமாட்டில் வேண்டாம். அம்மாவிடம் "பத்தரைக்கு டைம் முடிஞ்சதுன்னு சொல்லுங்க" என்று நீங்களே போய்க் கேளுங்கள். அவராகச் சொல்வதற்கும் நீங்கள் கேட்டுச் சொல்வதற்கும் வீட்டில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று பாருங்கள்.

படிப்பை ராத்திரியில் விளையாட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், தோற்றுப்போகும். உங்களுக்குக் கடை இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் மாமா வைத்திருந்தார், கால் கிலோ ஆணி கேட்டு ஒரு ஆள் வந்தால் அதிசயம். அங்கே கல்லாவில் உட்கார்ந்தபடி பழைய குரூப் 4 வினாத்தாளைத் திறந்து நாலு கேள்வி மட்டும் போடுங்கள். நாலே நாலு. போட்ட உடனே விடைக்குறிப்பைப் பாருங்கள், கடைசியில் மொத்தமாகப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள், கட்டை விழுந்ததும் எக்ஸ்பி காட்டுகிற மாதிரி அது உடனே தெரியவேண்டும். முதல் வாரம் தினம் நாலு, அடுத்த வாரம் எட்டு, பிறகு பதினாறு. எது தப்பானதோ அதற்குரிய பாடத்தை மட்டும் புத்தகத்தில் போய்ப் படியுங்கள். ஆரம்பம் உங்களுக்கு நன்றாக வருகிற பகுதியிலிருந்து இருக்கட்டும், திருக்குறளோ இலக்கணமோ. இதற்கும் ஒரு காரணம் உண்டு: 2006இல் வெளியான ஓர் ஆய்வில் கார் கழுவும் கடையில் இரண்டு விதமான அட்டை கொடுத்தார்கள், ஒன்றில் எட்டு முத்திரை வேண்டும், மற்றதில் பத்து வேண்டும், ஆனால் இரண்டு ஏற்கெனவே குத்தியிருக்கும். இரண்டுக்கும் எட்டு முறைதான் வரவேண்டும். முதல் அட்டையை முடித்தவர்கள் 19 சதவீதம், இரண்டாவதை 34. வெறும் அட்டையைப் பார்த்தால் யாருக்குமே கால் எழுவதில்லை.

20 நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை என்பதைக் குற்றம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இன்னொரு ஆன்லைன் விளையாட்டு 2004இல் வெளிவருவதற்கு முந்தைய சோதனைக் கட்டத்தில் நடந்த ஒரு கதையை அதைச் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். நிறைய நேரம் ஆடினால் எக்ஸ்பி பாதியாகக் குறையும் என்று வைத்தார்கள், ஆடியவர்கள் கொதித்துவிட்டார்கள். உடனே அந்தப் பாதியை "சாதாரணம்" என்று ஆக்கி, முன்பு முழுசாக இருந்ததை "ஓய்வெடுத்து வந்தவருக்கு இரட்டிப்பு" என்று பெயர் மாற்றினார்கள். கணக்கு அதேதான், எல்லோரும் சந்தோஷமாகிவிட்டார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்களுடைய அந்த முதல் 20 நிமிடம்தான் இரட்டிப்பு நேரம். கடையில் மீந்துபோன பில் புத்தகம் ஒன்றை எடுத்து, முதல் 20 நிமிடத்துக்கு இரண்டு கோடு, அதற்கு மேல் ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் ஒரு கோடு என்று போடுங்கள். இரண்டு கோடு மட்டும் விழுந்த நாளும் நல்ல நாள்தான். மதியம் ஒரு முறை, காலை கடை திறக்கும் முன் ஒரு முறை உட்கார்ந்தால் நாலு கோடு, தொடர்ந்து ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுகிறவனுக்கும் அதே நாலுதான்.

ஒன்று சொல்லாமல் விட்டால் ஏமாற்றியவளாவேன். குரூப் 4இலும் ஒரு விப் இருக்கிறது. 2024 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள், முதல் அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244. வேலை என்பது விப் விழுகிற மாதிரி, கட்ஆஃப், இடஒதுக்கீட்டுப் பிரிவு, அந்த வருடக் காலியிடம் எல்லாம் சேர்ந்து முடிவாவது, உங்கள் கையில் முழுக்க இல்லை. மதிப்பெண் எக்ஸ்பி மாதிரி, சேரும். ஆனால் டீமனோடு ஒரு வித்தியாசம் உண்டு, டீமன் எத்தனை அடித்தாலும் 512இல் 1தான், இங்கே 200 கேள்வியில் நீங்கள் சரியாகப் போடுகிற எண் ஏற ஏற வாய்ப்பும் ஏறும். அதனால் சுவரில் "அரசு வேலை" என்று ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். போன தேர்வில் எத்தனை சரி என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா, அதற்கு மேல் பத்து என்று எழுதி ஒட்டுங்கள்.

அடிமையா என்ற கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022இலிருந்து விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. ஆடுவதைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட அது முக்கியமாகிப்போவது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது, இதெல்லாம் வாழ்க்கையைக் கணிசமாகப் பாதிக்கிற அளவுக்கு, பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும் என்கிறார்கள். நீங்கள் கடைக்குப் போகிறீர்கள், 20 நாள் நிறுத்தியும் காட்டியிருக்கிறீர்கள். ஒரு கடிதத்தை வைத்து நான் முத்திரை குத்தமாட்டேன், ஆனால் அந்த வார்த்தையை நீங்களே உங்கள் மேல் ஒட்டிக்கொள்ளவும் வேண்டாம். எனக்குக் கவலை உங்கள் தூக்கத்தைப் பற்றித்தான். 2 மணிக்குப் படுத்துவிட்டுக் காலையில் கடைக்குப் போகிறவருக்குப் புத்தகம் 20 நிமிடம் தாங்குவதே பெரிய விஷயம், நீங்கள் சோம்பல் என்று எழுதியதில் பாதி வெறும் தூக்கக் கடனாக இருக்கும். பத்தரை மணிக் கட்டுப்பாட்டை ஒரு மாதம் உண்மையாக முயன்றும் முடியவில்லை, கடையையோ சாப்பாட்டையோ விட்டுவிட்டு ஆடுகிறீர்கள், அல்லது நிறுத்தினால் மனசு இருண்டு போகிறது என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014இலிருந்து ஒரு தனிப் பிரிவு இருக்கிறது, போகவேண்டி வந்தால் அங்கேயும் போகலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். பில் புத்தகத்தில் மொத்தம் எத்தனை கோடு, எத்தனை நாள் பத்தரைக்குப் போன் கூடத்துக்குப் போனது, இந்த இரண்டு எண் போதும். விப் விழுந்திருந்தால் அதைப் பின்குறிப்பில் போடுங்கள், எத்தனையாவது கில் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.